அடையாளம் காட்டப் போன நாள்

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். அதனால் கெட்ட காரியங்களில் இதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

வடமதுரைக்குக் கிழக்கே எங்கள் ஊர் பஜனை மடத்தில் பெரிய கண்ணன் படம் ஒன்று இருந்தது. பலகையில் தங்க ரேக்கு ஒட்டி வரைந்த பழைய தஞ்சாவூர்ப் படம். புரட்டாசியில் அதைக் கும்பிட திண்டுக்கல்லிலிருந்தே ஆட்கள் வருவார்கள். முன்கண்ணாடி நான் சின்னப் பையனாக இருக்கும்போதே உடைந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் சந்தனம் குழைத்துப் பலகையிலேயே அப்புவது என் வேலை. சாமி மேல் வைத்ததைச் சுரண்டக் கூடாது, பழசின் மேலேயே புதுசை வைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். போதாததற்குக் கற்பூரப் புகை. நான் அறிந்த கண்ணனுக்குச் சந்தன முகம், சுற்றிலும் கன்னங்கரேலென்ற இருட்டு.

மடத்துச் சாவி அண்ணனிடம் இருந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒருநாள் காலையில் திறந்தால் சுவரில் படத்தைக் காணோம். பூட்டோ உடையவில்லை. போலீஸ் அண்ணனை மூன்று நாள் வைத்து விசாரித்து அனுப்பிவிட்டது. ஊர் விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்கார மாட்டார்கள். பாவி ஜனங்கள்!

மறுவருஷம் ஒரு வியாபாரியின் கிடங்கில் நிறைய படங்கள் பிடிபட்டதாகத் தகவல் வந்தது. எங்கள் படம் அதில் இருந்தால், யாரிடமிருந்து வந்தது என்று நூல் பிடித்துப்போய்த் திருடனைக் கண்டுபிடிக்கலாம், அண்ணன் பெயர் மீளும். இரண்டு பேரும் மதுரைப் போலீஸ் ஆபீசுக்குப் போனோம்.

"நானும் உள்ள வாரேன்டா" என்றார் அண்ணன்.

"நீ வந்தா, ஏற்கெனவே சந்தேகப்பட்ட ஆளுன்னு ஒன் பேச்சை எவன் நம்புவான்? பேசாம டீக்கடையில இரு" என்று எரிந்து விழுந்தேன். அவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே ஒரு படத்தைக் காட்டினார்கள். சட்டம் இல்லை. யாரோ சுத்தம் செய்திருந்தார்கள். கொழுகொழுவென்று வெளுத்த குழந்தைக் கண்ணன், பளபளக்கும் தங்கம், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். எங்கள் படத்தில் ஏது பெண்கள்?

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது கோடி ரூவாய்க்கு மேல பெறும்ங்கிறாங்க" என்றார் அதிகாரி.

"கோடியா இருந்தா எனக்கென்ன? முப்பது வருஷமா சந்தனம் வச்சவன் சார் நானு. எங்க சாமி எனக்குத் தெரியாதா? இது எங்களுது இல்ல."

எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே கிளாசைக் கீழே வைத்துவிட்டார். நம் படம் இல்லை என்றதோடு சரி, உள்ளே பார்த்த படம் எப்படி இருந்தது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அடுத்த சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்குக்கூட ஊரில் பாதிப் பேர் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வேறொரு வழக்கில் பிடிபட்டவன் எல்லாவற்றையும் கக்கினான். மடத்துக் கூரை ஓட்டைப் பிரித்து இறங்கி, போகும்போது ஓடுகளைப் பழையபடி அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். படத்தின் சட்டத்தை எங்கள் ஊர்க் கிணற்றிலேயே போட்டிருக்கிறான். போலீஸ் எடுத்துப் பார்த்தது. நான் இல்லை என்று சொன்ன படம் அதற்குள் அச்சாகப் பொருந்தியது.

ஊரே வேன் பிடித்து மதுரைக்குப் படத்தைப் பார்க்கக் கிளம்பியது. மதினியைக் கூப்பிடப் போனேன். முற்றத்தில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அதுல ரெண்டு பொம்பளைக நிக்கிறாகளாமே?" என்று கேட்டார்.

"ஆமா மதினி. புகையில மறைஞ்சிருந்திருக்கு."

"அவரு சின்னப்புள்ளையில பாத்திருக்காரு. அப்பல்லாம் கண்ணாடி இருந்துச்சாம், வாராவாரம் தொடைப்பாகளாம். ரெண்டு பொம்பளைக நிப்பாகன்னு எங்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு."

மதினி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேன் நிக்கிது, நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்றார்.