அடையாளம் இல்லாத கதவு

ஒக்கலிபுரத்தில் பெயிண்டர் ஆம்ப்ரோஸைத் தெரியாதவர் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் பாதிக்கு மேல் அவர் எழுதிய போர்டுதான் தொங்கும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் கை ஓடும். எழுத்துக்கு நிழல் விடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எதிர்வீட்டு ஜட்கா வண்டிக்கார பாய், நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினால் முதல் ஆளாகக் கிண்ணத்தை நீட்டுவார். பாயின் மனைவி ஃபாத்திமா அவரை வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பொல்லாதவர் செய்த காரியமாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆம்ப்ரோஸ் பொல்லாதவர் இல்லை.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் அது. 'இந்த மண் எங்களவர்களுக்கு மட்டும்' என்று நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு, மைதானத்தில் தடி சுழற்றிப் பழகிய ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. எல்லாம் படித்த பிள்ளைகள். முதலில் தெரு சிரித்தது. அப்புறம் பக்கத்துப் பேட்டையில் ஒரு துணிக்கடையைக் கொளுத்தினார்கள், சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒக்கலிபுரம் என்று சேதி வந்தது. முஸ்லிம் வீடுகள் மட்டும்தான், மற்றவர்கள் பயப்பட வேண்டாம் என்றும் கூடவே வந்தது. அந்தப் பின்பாதியைக் கேட்டுத் தெருவே நிம்மதியாக மூச்சு விட்டதே, அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

சமஸ்தான உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற சீனிவாசராகவன்தான் யோசனை சொன்னார்.

"யாராத்துக் கதவு எதுன்னு அவாளுக்குத் தெரியாதோன்னோ, ஆம்ப்ரோஸ்? கதவுல ஒரு அடையாளம் போட்டுட்டா தப்பு நடக்காது. எங்களுக்கு நாமம், உங்களுக்குச் சிலுவை."

சனிக்கிழமை காலையில் ஆம்ப்ரோஸ் வெள்ளைப் பெயிண்டைக் கலக்கிக்கொண்டு கிளம்பினார். நூல் பிடித்து, கதவுக்குக் கதவு ஒரே உயரத்தில் சிலுவை, நாமம், விபூதிப் பட்டை. அவசர வேலை என்று அவர் அள்ளித் தெளிக்கவில்லை. சிலுவைகளுக்கு நிழல்கூட விட்டார். வேலை அழகாக வந்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை வேறு. ஃபாத்திமா வீட்டுக்கு வந்ததும் கை தயங்கியது. இங்கேயும் ஒரு சிலுவையைப் போட்டுவிட்டால்தான் என்ன? பிரஷைத் தூக்கிக்கொண்டு கிட்டேயும் போனார்.

கூட நின்ற மனைவி நோரா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாய் வீட்டுக் கதவுல சிலுவையா? ஃபாதர் காதுக்குப் போனா பூசைக்கே வுடமாட்டாரு," என்று கிசுகிசுத்தாள்.

"பொய்யின்னு தெரிஞ்சா தெருவையே கொளுத்திடுவா," என்றார் சீனிவாசராகவன், அவரும் தாழ்ந்த குரலில்.

இரண்டும் நியாயமாகவே பட்டது. ஆம்ப்ரோஸ் அடுத்த கதவுக்கு நகர்ந்தார்.

ஞாயிறு வெயில் தாழ வந்தார்கள். யாரையும் விசாரிக்கவில்லை. நேராக ஃபாத்திமா வீட்டு முன்னால் போய் நின்றார்கள். ஜன்னல் இடுக்கு வழியாக ஆம்ப்ரோஸ் பார்த்தார். வெள்ளை வெளேரென்று அத்தனை கதவுகளுக்கு நடுவில் ஒரே ஒரு கதவு மொட்டையாக இருந்தது. அடையாளம் காட்டிக்கொடுத்தது அந்த வீட்டைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பாய் அலறுவது கேட்டது. ஆம்ப்ரோஸ் தாழ்ப்பாளில் கை வைத்தார், எடுத்துவிட்டார். தெருவில் வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. பாய் ஆஸ்பத்திரியில் பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் தெருவுக்கு எவ்வளவு இரக்கம்! அரிசி போயிற்று, விறகு போயிற்று. கூட்டம் போட்டு, வெளியாட்களின் வெறிச்செயல் என்று கண்டித்தார்கள். வீட்டை யார் காட்டிக்கொடுத்தது என்று போலீஸ் கேட்டபோது, "யாரும் வாயே தொறக்கல சார்," என்றார் ஆம்ப்ரோஸ். அன்று இரண்டு வேளையும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கதவுகளில் இருந்ததையெல்லாம் அவரே சுரண்டினார். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் ஃபாத்திமா இருந்தாள். அந்த மாதங்களில் வெளி ஆண்கள் போய்ப் பார்க்கக் கூடாது. அது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. மானங்கெட்ட சௌகரியம்.

இத்தா முடிந்து, வேலூரிலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு அவள் மூட்டை கட்டியபோது இனியும் ஒளிய வழியில்லை. போய் நின்றார்.

"ஃபாத்திமா, அன்னிக்கு நான்..." அழுதுவிட்டார்.

"தெரியும்ணா," என்றாள். குரலில் கோபமே இல்லை. "நானும் அவரும் ஜன்னல்லேந்து பாத்துட்டுதான் இருந்தோம். ஊரை விட்டுப் போயிடலாம்னு வண்டியக்கூடப் பூட்டி வெச்சிருந்தோம். நீங்க பிரஷை எடுத்துட்டுக் கிட்ட வந்தீங்க, அப்புறம் தள்ளிப் போயிட்டீங்க. பெயிண்ட் தீந்துபோச்சு போல, வாங்கியாந்து நமக்கும் போடுவாரு, அண்ணன் நம்மள வுட்டுற மாட்டாருன்னு சொல்லிட்டு, அவரு போயி குதிரைய அவுத்துட்டாரு."