எந்தக் கால் முன்னால்

நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை எனக்கே மறந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் சொன்னது, மேனேஜரிடம் சொன்னது, மனைவியிடம் சொன்னது எல்லாம் அந்தந்த நேரத் தேவைக்குச் சொன்னவை. காரியம் முடிந்ததும் கழன்று போயின. ஒன்று மட்டும் போக மாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் அது ஒரே ஒரு சொல். 'இடது' என்றேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுங்கை வே என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பா படகு இஞ்சின் மெக்கானிக். கடல் இல்லாத இடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து ஈயக்குட்டைகளைப் பார்த்ததில்லை. ஈயம் தோண்டி முடித்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரிக் கிடக்கும். அப்படி ஒரு குட்டையில் சீனக் குத்தகைக்காரர் ஒருவர் இரண்டு விசைப்படகுகள் வைத்திருந்தார். முதலாளி என்பதால் எல்லாருக்கும் அவர் தவுக்கே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கூட்டாளிகள் வந்து ஸ்கீ ஓட்டுவார்கள். படகு முன்னால் பாயும், ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டு வருவார்.

பழுது பார்த்த இஞ்சினை வெறும் படகோடு ஓட்டினால் குறை தெரியாது. பின்னால் ஒரு பாரம் இழுபட வேண்டும். ஒரு நாள் அந்தப் பாரமாக அப்பா அக்காவைக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. நான்கு வருஷம் கழித்து எனக்கும் அந்த வேலை வந்தது. பணக்காரர் விளையாட்டுக்குள் மெக்கானிக் பிள்ளைகள் நாங்கள் பின்வாசல் வழியாக நுழைந்த கதை இதுதான்.

முதலில் இரண்டு பலகை. நன்றாக வந்துவிட்டால் ஒற்றைப் பலகை, அதற்கு ஸ்லாலம் என்று பெயர். இரண்டு காலும் ஒரே பலகையில், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எந்தக் கால் முன்னால் என்பது எழுதும் கை மாதிரி, நம்மைக் கேட்டு வருவதில்லை. எனக்கு இடது. அக்காவுக்கு வலது.

அக்கா ஓட்டினால் தவுக்கேயின் கூட்டாளிகள் பியர் டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பலகையைச் சாய்த்துத் திரும்பும்போது தோள் தண்ணீரைத் தொட்டுவிட்டு வரும். எழும்பும் தண்ணீர் சுவர் மாதிரி நிற்கும். வார நாட்களில் அவள் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் தலைக்கு உறை மாட்டிக்கொண்டு ஷிப்ட் வேலை செய்தாள். வீட்டில் அதிகம் பேச மாட்டாள். குட்டையில் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பாள். நானும் சுமாராக ஓட்டுவேன். சுமாராக ஓட்டுகிறவனுக்கு நன்றாக ஓட்டுகிறவள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு எரிச்சல் என்று அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களிடம் இருந்தது தவுக்கே கழித்துப் போட்ட மரப்பலகை. வார்னிஷ் உரிந்து, வாலில் ஒரு விரிசலோடு இருந்தது. காலை மாட்டும் ரப்பரை நாங்கள் கால்கட்டு என்போம். பழைய பலகையின் கால்கட்டில் குதிகால் பகுதி முன்னும் பின்னும் நகரும். எந்தக் காலையும் விடலாம், இழுத்து வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு வருஷம் சீனப் பெருநாளுக்கு முன்பு அப்பா இரண்டு படகு இஞ்சினையும் பிரித்துப் போட்டுப் புதிதாக ஆக்கிக் கொடுத்தார். தவுக்கேவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிரிக்ஃபீல்ட்ஸில் படகுச் சாமான் விற்கும் தமிழரின் கடைக்குப் போன் போட்டு, "மெக்கானிக் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்லாலம் கொடு, புதுசு" என்று சொல்லிவிட்டார். ஒன்றுதான், இரண்டு பேருக்கும் சேர்த்து.

"ரெண்டு பேருக்கும் ஒரே கால்கட்டா? நல்லா இருக்குலா உங்க கூத்து! மூத்தவளுக்குப் போட வேண்டிய கால்கட்டு வேற" என்று அம்மா சிரித்தாள். கால்கட்டு என்றால் கல்யாணம்தானே எங்கள் அம்மாக்களுக்கு. அக்காவுக்கு இருபத்தொன்று. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பதினேழு. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் சும்மா கிடந்தேன். அக்காவுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட், அதனால் கடைக்கு நான் போவதென்று ஆனது. முதல் நாள் ராத்திரி துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பூட்ஸ் மாதிரி இருக்கிறத எடுக்காத. அது ஒரு காலுக்குத்தான் செய்வான். இழுத்து வைக்கிற கட்டு இருக்குல்ல, பழசுல இருக்கிற மாதிரி, அதக் கேளு. ரெண்டு பேருக்கும் ஆகும்." சரி என்றேன். இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது.

மினி பஸ் பிடித்துப் போனேன். கடைக்கார அண்ணன் என் எடையைக் கேட்டார், அக்கா எடையைக் கேட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கால் அளவும் ஒன்றுதான், வீட்டில் ஜப்பான் சிலிப்பருக்குச் சண்டையே வரும். சுவரில் சாத்தியிருந்த பலகைகளில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். கருப்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு. அடிப்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. தடவிப் பார்த்தேன். அதன் பிறகு எனக்கு மற்ற பலகைகள் கண்ணில் படவில்லை.

கால்கட்டுக்கு இரண்டு வகை தொங்கியது. ஒன்று அக்கா சொன்னது, சாம்பல் நிறத்தில், பார்க்கக் கிழவன் செருப்பு மாதிரி. இன்னொன்று கணுக்கால் வரை ஏறும் கருப்பு ரப்பர் பூட்ஸ். போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஒரு வாளியில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துக் கொண்டுவந்தார். வழுக்கினால்தான் உள்ளே போகும். இடது காலை நனைத்து உள்ளே தள்ளினேன். குதிகால் 'சுளுக்' என்று இறங்கி உட்கார்ந்தது. ரப்பர் என் காலைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டது. பழைய கட்டில் திரும்பும்போது குதிகால் ஆடும், அதனால்தான் எனக்கு வரவில்லை, இது இருந்தால் நானும் அக்கா மாதிரி ஓட்டுவேன் என்று தோன்றியது. அக்காவும் அதே ஆடும் கட்டில்தான் ஓட்டினாள் என்பது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தள்ளிவிட்டிருப்பேன்.

"அக்காவுக்கு எந்தக் கால் முன்னால தம்பி?" என்று கேட்டார்.

நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியலைன்னா அழைச்சிட்டு வாங்க. பின்னால இருந்து லேசாத் தள்ளினா எந்தக் கால் முன்னால விழுதோ, அதுதான். ஒரு நிமிஷ வேலை."

"வேணாண்ணே. அவளுக்கும் இடதுதான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சொந்த அக்காவின் காலைத் தம்பிக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார். பூட்ஸைப் பலகையில் வைத்துத் திருகாணி முடுக்கினார். நிறுத்துங்கள் என்று சொல்ல நான்கு திருகாணி நேரம் இருந்தது.

வீட்டில் அக்கா பலகையைப் புரட்டிப் பார்த்தாள். பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "இழுத்து வைக்கிறது இல்லையா?"

"ஸ்டாக் இல்லையாம். வர மாசக்கணக்கில ஆகுமாம்." கேட்ட உடனே வந்து விழுந்தது இரண்டாவது பொய். முதல் பொய்க்காவது கொஞ்சம் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி விடு," என்றாள்.

புதுசு வந்ததும் விரிசல் விட்ட பழைய பலகையை அப்பா விறகுக்குப் பிளந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் ஓட்டினேன். உண்மையிலேயே நன்றாக வந்தது. கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அடுத்து அக்கா. வலது காலை விட்டுப் பார்த்தாள், கட்டைவிரல் போய் இடித்தது. பிறகு இடதையே முன்னால் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அப்பா படகை எடுத்தார். எழுந்தாள், இரண்டு விநாடி நின்றாள், பலகை குறுக்கே திரும்பியது, முகம் குப்புற விழுந்தாள். அக்கா அப்படி விழுந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரமும் விழுந்தாள். அதற்கடுத்த வாரமும். ஆறு ஞாயிறு. வலது கையால் எழுதுகிறவளை இடது கையால் எழுதச் சொன்ன மாதிரிதான், எழுத்து வருகிறது, கோணலாக வருகிறது. அப்பா இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்துவார்: "முட்டிய மடக்கு! என்ன ஆச்சு உனக்கு?" நான் படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும், அதனால் இழுபடும் ஆளைக் கவனிக்க இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும். விழுந்தால் கையைத் தூக்கிச் சொல்வதுதான் அந்த ஆளின் வேலை. ஆறு வாரமும் நான்தான் கையைத் தூக்கினேன்.

"வரலையா?" என்று ஒரு தடவை கேட்டேன். வெட்கம் கெட்ட கேள்வி.

"வந்துரும்," என்றாள் தண்ணீரிலிருந்து.

ஆறாவது ஞாயிறு, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "இனிமே நீயே ஓட்டு, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அதன் பிறகு படகில் பின்பக்கம் பார்த்து உட்காரும் ஆள் அவள். நான் தண்ணீரில், அவள் படகில், எழுபத்தைந்து அடிக் கயிறு நடுவில்.

ஏன் நிறுத்தினாள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நான் பயந்து கிடந்தது வீண். மாப்பிள்ளை பார்க்கும் பெண் தண்ணீரில் விளையாடுவதை நிறுத்திவிட்டாள், அதில் கேட்க என்ன இருக்கிறது? அம்மா, "வயசுக்குத் தகுந்த புத்தி வந்துருச்சு" என்றாள். என் பொய்க்கு ஊரே கதவைத் திறந்து உட்கார நாற்காலியும் போட்டுக் கொடுத்தது. அடுத்த வருஷம் அக்கா கல்யாணம் ஆகி கிள்ளானுக்குப் போனாள். பலகை எனக்கே எனக்கானது. நான் சுமாராகவே ஓட்டினேன்.

பத்து வருஷம் போயிருக்கும். கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் மகள் டிவியில் யாரோ ஸ்கீ ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, அம்மாவுக்கும் இது தெரியுமாமே, நெசமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "எனக்கு என்ன தெரியும், சும்மா கொஞ்சம். மாமாதான் நல்லா ஓட்டுவாரு."

அந்தப் பிள்ளை என்னைப் பெருமையாகப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பிள்ளை வெளியே போனதும் எல்லாவற்றையும் கொட்டினேன். சாம்பல் நிறக் கட்டு கடையில் தொங்கியதை, கடைக்கார அண்ணன் அவளை அழைத்து வரச் சொன்னதை, 'இடது' என்றதை, ஸ்டாக் இல்லை என்றதை. என்னை அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அக்கா கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள். "மொத ஞாயித்துக்கெழம விழுந்தேன்ல, மறுநாளே ஷிப்ட் முடிஞ்சு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். இழுத்து வைக்கிற கட்டு ரெண்டு தொங்குச்சு. பலகைய எடுத்துட்டு வாம்மா, மாத்தித் தரேன்னாரு."

"அப்புறம் ஏன் மாத்தல? மீதி அஞ்சு வாரம் எதுக்கு விழுந்த?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நான் விழுறதப் பாத்தா சொல்லிருவேன்னு நெனச்சேன். தண்ணியில இருந்து தலையத் தூக்குறப்பல்லாம் உன் மூஞ்சியத்தான் மொதல்ல பாப்பேன்."

எனக்கு அது தெரியாது. கையைத் தூக்கியதும் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அந்த ஆறு வாரத்தில் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.