அது வேற, இது வேற

போன ஞாயிறு மதியம் ராயபுரத்தில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். என் பள்ளித் தோழி. அவளுக்கு வேலை போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆறுதல் சொல்லத்தான் போனேன் - என்ன சொல்வது என்று தெரியாமலேயே...

திருவொற்றியூரில், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் கேட் ஆபீசில் பதினோரு வருடமாக கான்ட்ராக்ட் கிளார்க். உள்ளே வரும் லாரியின் நம்பரையும் பெட்டியின் நம்பரையும் எழுதிக்கொண்டால் போதும். சம்பளம் அதற்குத்தான். ஸ்டெல்லாவோ எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்பது வரை மனதில் வைத்திருப்பாள். யாராவது லீவு போட்டால் அந்த சீட்டையும் சேர்த்துப் பார்ப்பாள். மகளுக்குச் சர்ச்சில் முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்த அன்றுகூட, பூசை முடிந்ததும் விருந்தில் உட்காராமல் யார்டுக்கு ஓடியவள்.

"ஏன்டி இப்படி?" என்று அன்றே கேட்டேன்.

"நான் இல்லாங்காட்டி வேலை நடக்காதுன்னு அவங்களுக்குத் தெரியணும்டி. அப்பதான் என் வேலையில கை வைக்க மாட்டாங்க."

போன வருடம் கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் வந்தது. கொண்டுவந்தவர்களுக்கு யார்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது யார்? ஸ்டெல்லாதான். சிஸ்டம் ஓட ஆரம்பித்ததும், கேட்டுக்கு நான்கு பேர் வேண்டாம், ஒருவர் போதும் என்றார்கள். கடைசியாகச் சேர்ந்தவரை வைத்துக்கொண்டார்கள். அவருக்குத்தான் சம்பளம் குறைவு.

மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. அது வேற, இது வேற" என்றாராம், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

நன்றாக உழைப்பதும் வேலை நிலைப்பதும் ஒன்றுதான் என்று நம்பி, எத்தனை சாயங்காலங்களை நாம் ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்?

ஸ்டெல்லா அழவில்லை. "ஓபி அடிச்சுகினு இருந்தவனும் போனான், நானும் போனேன். ஒரே லிஸ்ட்டுடி. அதான் தாங்கல" என்றாள்.

அப்போது அவள் போன் அடித்தது. யார்டிலிருந்துதான். ஒரு பெட்டி சிஸ்டத்தில் இருக்கிறதாம், இடத்தில் இல்லையாம். கண்ணை மூடி யோசித்தாள். "மழை வந்தப்போ அத்த நகர்த்தினோம் சார். பழைய ஷெட்டுக்குப் பின்னாடி, மூணாவது வரிசையில கீது பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. "வேணாம்னு அனுப்பினவங்களுக்கு எதுக்குடி சொல்ற?"

"லாரிக்காரரு வெயில்ல காத்துகினு இருப்பாருடி."

போனை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பெட்டி கிடைத்ததா என்று யாராவது திருப்பிச் சொல்வார்கள் என்றுதான்.

நான் கிளம்பும்வரை யாரும் சொல்லவில்லை.