ஒழுகாத கூரை

மலை முகட்டில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வேலையே மழையை அளப்பதும் மண்சரிவைக் கவனிப்பதும்தான். ஆனால் அதன் கூரை ஒழுகாத இடமில்லை. மழையை அளக்க வெளியே போவானேன், கட்டிலுக்கடியிலேயே அளந்துவிடலாமே என்று ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் சிரிப்பார்கள். காவலாளிக்கு அது சுருக்கென்று தைக்கும். உடனே தார் டின்னோடு கூரைமேல் ஏறிவிடுவார். கடைசியில் அவர் பேரே தார் டின் என்றாகிவிட்டது.

ஜீப் பாதி மலையோடு நின்றுவிடும், மீதி நடைதான். மேலே இருந்த ஒற்றை அறையில் அவரும் பழைய பேட்டரிகளும் குடித்தனம் நடத்தினார்கள். மனைவியும் மகளும் கீழே, மனைவியின் அண்ணன் வீட்டில். அங்கே அண்ணி சோற்றோடு சொல்லையும் சேர்த்தே பரிமாறுவாள். "உன் வீட்டுக்காரர் மலைமேல ராஜாவாம், ராணிக்கு மட்டும் இங்க பின்கட்டு ரூமாம்" என்பாள்.

அப்போதுதான் இயக்குநர் நிலையத்தைப் புதுப்பிக்கத் திட்டம் போட்டார். புதுக் கூரை, சூரிய மின்தகடுகள், ஆய்வுக்கூடம் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. ஓரத்தில், காவலாளி குடும்பத்துக்கு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அந்தச் சமையலறை ஜன்னல்மேல் தார் டின்னின் விரல் வெகுநேரம் நின்றது. அன்றே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார். ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கும் என்று அவள் கேட்டாள்.

நிதி ஒரு நிலையத்துக்குத்தான். போட்டிக்கு நின்றது கடற்கரை நிலையம். அங்கிருந்த காவலாளி துடைப்பத்தைத் தொட்டே பார்த்ததில்லை என்று பேச்சு. இரண்டையும் நேரில் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் போகும்வரை எதிலும் கைவைக்கக் கூடாது, இருப்பது இருக்கிறபடியே தெரியட்டும் என்று இயக்குநர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். தார் டின்னும் தலையாட்டினார்.

ஆனால் குழு வருவதற்கு முந்தின நாள் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது தலையில் தண்ணீர் சொட்டினால் மானம் போகாதா? இருக்கிற வீட்டையே பார்த்துக்கொள்ளாதவனுக்குப் புது வீடு எதற்கு என்று கேட்டுவிட்டால்? பொழுது சாய்வதற்குள் ஓட்டையெல்லாம் அடைத்து, கறைபிடித்த சுவர்களுக்கு வெள்ளையும் அடித்து முடித்துவிட்டார்.

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. உள்ளே ஒரு பொட்டு விழவில்லை. இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. குழுத் தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் பராமரிப்பது என்று விசாரித்தார். தார் டின் கூச்சத்தோடு முன்னால் வந்தார்.

தலைவர் அவர் தோளைத் தட்டினார். "இப்படி ஒரு ஆள் இருக்கும்போது இந்தக் கட்டடத்துக்கு இன்னும் பல வருஷம் ஒண்ணும் ஆகாதுங்க."

தார் டின்னுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. குழுவினர் இறங்கிப் போகும்வரை அந்தச் சொல்லுக்கு அவருக்கு அர்த்தம் விளங்கவில்லை.

பணம் கடற்கரைக்குப் போயிற்று. துடைப்பம் தொடாதவனின் பெண்டாட்டி பிள்ளைகள் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள்.

செய்தியைப் போனில் கேட்டதும் மனைவி, "அண்ணிகிட்ட கிளம்புறேன்னு சொல்லிட்டேங்க" என்றாள். "ஒரே ஒரு நாள் கையக் கட்டிக்கிட்டு உக்கார முடியலையா உங்களால?"

அடுத்த பெருமழையில் தார் பிளந்துகொண்டது. இந்தத் தடவை அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். தண்ணீர் மேசையில் விழுந்தது, மழைப் பதிவேடுகள் ஊறின. மலையேறி வந்து பார்த்த இயக்குநர் கொதித்துப்போனார்.

"இதப் பாத்துக்கத்தானே உங்கள வச்சிருக்கோம்?"

"நீங்கதானே சார் எதையும் தொடாதீங்கன்னீங்க."

"அது அப்ப. இனிமே இங்க யாரு வந்து பாக்கப் போறாங்க?"

தார் டின் ஏணியை எடுக்கப் போனார்.