வைதேகி மேடத்தின் இடது கால்

வைதேகி மேடம் இன்று காலை போய்விட்டார்.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். மயிலாப்பூர்க்காரர். ஹேண்ட்பேகில் குங்குமச் சிமிழ், போன் முழுக்க சல்சா பாட்டு.

அந்தப் பைத்தியம் பிடித்தது எங்கள் ஆண்டு விழாவில். டான்ஸ் மாஸ்டர் ஒருவர் வந்து எங்களுக்கு சல்சா சொல்லிக்கொடுத்தார். மேடம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் மாஸ்டரிடம் போய், "அந்த ரெண்டாவது பாட்டு யாரோடது?" என்று மட்டும் கேட்டார்.

கடைசிவரை ஒரு ஸ்டெப்கூட ஆடியதில்லை. பாட்டெல்லாம் ஸ்பானிஷ், அதுவும் தெரியாது.

"பாடறவன விட்டுடு ஷமீ. பின்னாடி பியானோ வாசிக்கறானே, அவன் பேரத் தேடு. அவன் வேற யாருக்கெல்லாம் வாசிச்சிருக்கான்னு பாரு. நல்ல பாட்டெல்லாம் அங்கதான் ஒளிஞ்சுண்டிருக்கும்" என்பார். அப்படித் தேடித் தேடித்தான் சேர்த்தார்.

தேடினால் மட்டும் போதாது. டெஸ்ட் உண்டு...

நானும் அவரும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, தரமணியில் இறங்குவோம். புதுப் பாட்டை ஆளுக்கு ஒரு இயர்போனில் கேட்போம். மேடம் பேச மாட்டார். புடவைக் கொசுவத்துக்குக் கீழே தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருப்பார். கட்டைவிரல் தானாக ஆடினால் பாட்டு பாஸ். திருவான்மியூர் வருவதற்குள் ஆடாவிட்டால் டெலிட். அப்பீலே கிடையாது.

"காது பொய் சொல்லும்டி. கால் சொல்லாது."

மார்கழியில் ஆரம்பித்தது... எந்தப் பாட்டும் பாஸ் ஆகவில்லை.

"மேடம், ரொம்ப ஸ்ட்ரிக்ட் ஆயிட்டீங்க" என்று கிண்டல் பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. இயர்போனை மாற்றினார். போனையே மாற்றினார். அப்புறம் பழைய பாட்டுகளுக்கு மறுபடி டெஸ்ட் வைத்தார்.

அவையும் ஒவ்வொன்றாகப் போயின. கோட்டூர்புரம் ஆற்றுப் பாலத்திலேயே விரலை ஆட வைத்த பாட்டுகள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "உனக்கு ஆடறதா?"

ஆடிக்கொண்டுதான் இருந்தது. "ஆமா மேடம்" என்றேன். போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பங்குனி வெயில். தரமணி ஸ்டேஷனுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து பூக்கார அம்மா ஓடி வந்தார், கையில் ஒற்றைச் செருப்பு.

"இன்னாம்மா, செருப்ப உட்டுட்டுப் போய்க்கினே கீற... கால் சுடல?"

மேடத்தின் இடது கால் வெறுங்காலாக இருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

செருப்பைக்கூட வாங்காமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாட்டு மேல தப்பில்லடி ஷமீ" என்றார். செருப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

நரம்பு வியாதி என்றார்கள். காலில் தொடங்கி மேலே ஏறும் என்றார்கள். ஏறியது.

டெலிட் செய்த பாட்டுகளைத் திரும்பத் தேடினோம். பெயர் ஞாபகம் இருந்தவை கிடைத்தன. பாக்கி போனது போனதுதான்.

ஆபீஸ் விட்டதும் அவர் வீட்டுக்குப் போவேன். கட்டில் பக்கத்தில் நாற்காலி. பாட்டு ஓடும். மேடம் என் காலைப் பார்ப்பார்.

அப்புறம் பேச்சும் நின்றுபோனது... கண்ணால் மட்டும் கீழே காட்டுவார். என் விரல் ஆடினால் கண்ணை மூடித் திறப்பார். பாஸ்.

அவருக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்றுக்கு ஒருநாள் என் கால் அசையவே இல்லை. பயந்துபோய் நானாக ஆட்டினேன். கண்டுபிடித்துவிட்டார். அந்த நிலையிலும் என்ன முறைப்பு.

இன்று காலை அவர் மகன் போன் செய்தபோது ரயிலில் இருந்தேன். இந்திரா நகர் தாண்டவில்லை. பேசி முடித்ததும், காதில் பாட்டு விட்ட இடத்திலிருந்து தானாக ஓட ஆரம்பித்தது. டான்ஸ் மாஸ்டரிடம் கேட்டாரே, அந்த ரெண்டாவது பாட்டு.

குனிந்து காலைப் பார்த்தேன்.

திருவான்மியூர் வந்தது. ஆடவில்லை.

பாட்டு மேல தப்பில்ல மேடம். டெலிட் பண்ண மாட்டேன்.

போயிட்டு வாங்க...