கோல்ஃப் பந்தும் என் வீட்டுக்காரர் தலையும்

சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை பார்க்கும் என் மகன், என் ஐம்பத்தைந்தாவது வயதில் என்னை அங்கே அழைத்துப்போனான். ஆளில்லாத நேரமாகப் பார்த்து மட்டையைக் கையில் கொடுத்தான். எத்தனை முறை வீசியும் பந்து அசையவில்லை. புல்தான் பெயர்ந்து பறந்தது. "எம்மா, நாளைக்கு நான்தான் அத்த சரி பண்ணணும்" என்று சிரித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் விட மனமில்லை. அங்கே கழித்துப்போட்ட மட்டை ஒன்றையும் சில பந்துகளையும் கேட்டு வாங்கிவந்து, லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அடித்துப் பழகினேன். மாதக்கணக்கில் பந்து மணலுக்குள் புதைந்ததுதான் மிச்சம். கருவாடு காயவைக்கும் பெண்கள் வேறு கேலி பேசினார்கள்.

ஒருநாள் ஆத்திரத்தில் ஓங்கி வீசினேன். அன்றைக்குப் பார்த்துப் பந்து சீறிக்கொண்டு போனது. படகு நிழலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், நல்லவேளையாகப் பீடி எடுக்கக் குனிந்தார். பந்து அவர் தலைக்கு மேலே போய்ப் படகில் மோதியது. ஓடிப்போய் அவர் தலையைத் தடவிப் பார்த்தேன்.

"இன்னாடி, என்னை அனுப்பிட்டு நிம்மதியா ஆடலாம்னு பாத்தியா?" என்று கத்தினார்.

அதன்பின் ஓங்கி அடிப்பதே இல்லை. ஈர மணலில் பெயிண்ட் டப்பாவைப் புதைத்து, சற்றுத் தள்ளி நின்று மெதுவாக உருட்டுகிறேன். பாதி நாள் பந்து விளிம்பைத் தொட்டுவிட்டு விலகிப்போய் எரிச்சலூட்டும். உள்ளே விழுந்துவிட்டாலோ, அடுப்பில் உலை இருப்பதுகூட மறந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் சுற்றிலும் பார்த்து, "தள்ளிக்கோங்க" என்று குரல் கொடுத்த பிறகே மட்டையை அசைக்கிறேன். உருட்டுகிற பந்துக்கே என் வீட்டுக்காரர் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்.