நெல் கிளறிய ஜாம்பிகள்

செத்தவர்கள் எழுந்து நடந்தால் எப்படி நடப்பார்கள் என்பது நான்காம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடப்பார்கள். எங்கள் மாமா எடுத்த ஜாம்பி படத்தில் அப்படித்தான் நடந்தார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குவைத்தில் ஏசி மெக்கானிக். லீவில் வந்தவருக்குத் திரும்பிப் போக மனசே இல்லை. சென்னையில் யூடியூபுக்குப் படம் எடுக்கிற ஒருவர், பார்க்கிறவன் பயத்தில் அலறுகிற மாதிரி ஒன்று எடுத்து வந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தாராம். அலறினால் மாமா இங்கேயே இருப்பார், இல்லாவிட்டால் குவைத். அம்மா இதற்காக வேளாங்கண்ணி மாதாவுக்குக்கூட வேண்டிக்கொண்டிருந்தாள்.

கேமரா, மாமாவின் செல்போன். ரத்தம், பீட்ரூட் சாறும் மைதாவும் சர்க்கரைப் பாகும். குடலுக்குக் கறிக்கடையில் சொல்லிவைத்ததில் நிஜ ஆட்டுக்குடலே வந்துவிட்டது. பெரியப்பா, அப்பா, வயல் வேலைக்கு வருகிற நாலைந்து பேர், இவர்கள்தான் ஜாம்பிகள். துரத்தப்படுகிற பெண் நான். மாமாவைக் கேள்வி கேட்டே கொன்றேன். ஜாம்பிக்குப் பசித்தால் சோறு தின்னக் கூடாதா, மனுஷ மூளை எதற்கு? தன் வீடு அடையாளம் தெரியுமா? ஒன்றும் ஞாபகம் இருக்காது பாப்பா, காலை இழுத்து இழுத்து நடக்கும், அவ்வளவுதான் என்றார் மாமா.

வினையே அந்தக் காலில்தான் வந்தது. சம்பா அறுவடை முடிந்து, எங்கள் ஊர் தார்ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. "ஆக்‌ஷன்! காலை இழுத்து நடங்க!" என்று மாமா கத்தினார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காலை இழுத்து நடக்க ஒரே ஒரு விதம்தான் தெரியும், நெல் சீராகக் காயக் காலால் கிளறிவிடுகிற நடை. செருப்பைக் கழற்றினார்கள், நெல்லில் இறங்கினார்கள். வரிசையாக நின்று, பாதத்தால் சால் சாலாகக் கிளறிக்கொண்டே வந்தார்கள். கோடி வந்ததும் திரும்பி அடுத்த சால். நான் உயிரே போவதுபோல் ஓடித் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருத்தரையும் காணோம். எல்லாரும் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், நீங்க செத்துட்டீங்க. செத்தவன் நெல்லு கிளறுவானா?" மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"செத்தா என்ன மாப்ள, வெயிலு நல்லா இருக்குல்ல?" என்றார் பெரியப்பா, வாயோரம் ரத்தம் ஒழுக.

அந்த ரத்தம் நெல்லில் சொட்டியதைப் பெரியம்மா பார்த்துவிட்டாள். "ஈரம்னு சொல்லியே நெல்லு கொள்முதல் நிலையத்துல ஆயிரம் நொட்டை சொல்றான், இதுல செவப்பு வேறயா!" என்று கேமராவுக்கு நேராகவே வந்து உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். அதற்குள் ஒரு நாய் பெரியப்பாவின் குடலைக் கவ்விக்கொண்டு ஓட, பிணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாயைத் துரத்தியது. மறுபடி எடுக்கலாமென்றால் ரத்தமும் இல்லை, குடலும் இல்லை. பிணங்களும் வேலையைப் பார்க்கப் போய்விட்டன.

இருந்ததை வெட்டி ஒட்டி, இசையெல்லாம் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா எங்கள் ஹால் டிவியில் போட்டார். முதலில் நம்ம ஆளுங்க பயப்படட்டும், அப்புறம் சென்னைக்கு அனுப்பலாம் என்றார். தெருவே வந்திருந்தது. பெரியப்பா செருப்பைக் கழற்றியதுமே ஆரம்பித்த சிரிப்பு நிற்கவில்லை. அப்பாவுக்குப் புரையேறியது. "இன்னொரு தடவ போடு மாப்ள!" என்று பெரியப்பா தொடையைத் தட்டினார். மாமாவும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக. அடேயப்பா, இத்தனை பேர் அலறி அலறிச் சிரிக்கிறார்களே, படம் ஜெயித்துவிட்டது, மாமா இனி எங்கேயும் போக மாட்டார் என்று நான் சோபாவில் ஏறிக் குதித்தேன்.

அம்மா மட்டும் டிவியைப் பார்க்காமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபமாக வந்தது. நான் ஓடுகிற சீன், அதைப் போய் விடுகிறாளே! "அங்க என்னம்மா இருக்கு, டிவியப் பாரு" என்று அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. சிரித்துச் சிரித்து அம்மாவுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.